கணிப்பொறிகளின் பொது விதிமுறைகள்

கிராம ஊராட்சிகள்வரை கண்ணாடி இழை வடம் அமைக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2011-ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. பின்னர் 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்ற இத்திட்டம் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் நோக்கம் கொண்டது. எனினும், வடம் ஊரை எட்டியதும் இணையமும் எட்டிவிட்டதாகக் கருதலாகாது. வடம் வெறும் பாதையே. அதில் செய்திகள் முறையாகச் சென்று சேர்வதற்குக் கணிப்பொறிகள் அனைத்தும் ஒப்புக்கொண்ட விதிமுறைகள் தேவை.

இவ்விதிமுறைகளின் அடிப்படையை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 1974-இல் வெளியிட்டனர். 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் 'ஆர்ப்பாநெட்' வலையமைப்பு இவற்றை ஏற்றது.

இவற்றுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, ஐ.பி. இதன்படி செய்தி சிறுசிறு சிப்பங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு சிப்பமும் அனுப்புநர், பெறுநர் ஆகிய இரு முகவரிகளையும் தாங்கிச் செல்கிறது. வழியிலுள்ள 'ரூட்டர்' கருவிகள் முகவரியைப் பார்த்து அதனை அடுத்த கட்டத்திற்கு அனுப்புகின்றன. ஆனால் சிப்பம் சென்று சேரும் என்பதற்கு ஐ.பி. உறுதி அளிப்பதில்லை. அப்பொறுப்பை இரண்டாவது விதிமுறையாகிய டி.சி.பி. ஏற்கிறது. அது பகுதிகளுக்கு வரிசை எண் இடுகிறது. பெற்றதற்கு ஒப்புகை கேட்கிறது. தவறியதை மீண்டும் அனுப்புகிறது.

முகவரிகளுக்கும் எல்லை உண்டு. 32 பிட் கொண்ட பழைய முறையில் சுமார் 429 கோடி முகவரிகளே இயலும். உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டன. எனவே 128 பிட் கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்புக்கு மாறுவது இன்றியமையாததாகிறது.

நமது நாட்டில் 1986-இல் தொடங்கிய 'எர்நெட்' திட்டம் கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைத்தது. பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று கிடைத்தது. பின்னர்ச் சேவை நிறுவனங்கள் பெருகின. ஆயினும் அவை உள்நாட்டில் ஒன்றோடொன்று இணையாதவரை, ஒரே நகரிலுள்ள இருவரிடையிலான செய்திகூட வெளிநாடு சென்று திரும்ப நேர்ந்தது. இதனால் காலமும் செலவும் கூடின. இக்குறையைப் போக்க, இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் 2003-இல் நிறுவப்பட்டது.

ஆகவே, வடத்துடன் அறிவும் ஊரைச் சென்றடைய வேண்டும். இணைப்பு தடைப்படும்போது நான்கு கேள்விகள் எழுப்பலாம்: வடத்தில் சமிக்ஞை வருகிறதா? கருவிக்கு முகவரி கிடைத்துள்ளதா? தளத்தின் பெயருக்குரிய எண் முகவரி கிட்டுகிறதா? மறுமுனைக் கணிப்பொறி பதில் தருகிறதா? இவற்றை வரிசையாக ஆராயும் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் ஊராட்சிதோறும் இருப்பாராயின், சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் வரும் மக்கள் காரணம் அறியாது திரும்பிச் செல்லும் நிலை பெரிதும் குறையும்.