குளிர்காலத்திலும் ஓடலாம்: மூன்று மாதம், மூன்று போட்டிகள்

ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி வைக்கிறோம். அன்றோடு எம்மவர் பலருடைய உடற்பயிற்சியும் அலுமாரிக்குள் போய்விடுகிறது. கோடையில் பூங்காவைச் சுற்றி நடந்தவர்களும் பிள்ளைகளோடு பந்தடித்தவர்களும் பங்குனி வரை வேலை, வீடு, தொலைக்காட்சி என்று ஐந்து மாதத்தைக் கழிக்கிறோம். நடுவில் நத்தார், புதுவருடம், தைப்பொங்கல், பிறந்தநாள் விழாக்கள் என்று சாப்பாட்டுக்கு மட்டும் குறைவில்லை.

இதே ஐந்து மாதமும் எங்கள் அயலில் வசிக்கும் யேர்மனியர் பலர் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் பெரிய விளையாட்டு வீரர்கள் அல்லர். வங்கியிலும் பாண் கடையிலும் பாடசாலையிலும் வேலை செய்பவர்கள், ஓய்வூதியம் எடுத்தவர்கள். மார்கழி 31ஆம் நாள் ஒரு போட்டி, தை, மாசி, பங்குனியில் மாதம் ஒரு போட்டி என்று இவர்களுக்கு ஒரு தனி நாட்காட்டியே உண்டு. அந்த நாட்காட்டியை நாமும் பயன்படுத்தலாம் என்பதற்காகவே இம்முறை சுகாதாரப் பக்கத்தில் இதனை எழுதுகிறோம்.

இது எமக்கு ஏன் முக்கியம்? இன்ரர்ஹார்ட் என்ற ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தது. இலங்கை, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளைப் பற்றி 2007இல் வெளியான அதன் முடிவின்படி, அங்கு முதலாவது மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றைய நாடுகளில் அது ஏறக்குறைய 59 வயது. ஆறு வருட வித்தியாசம். பிள்ளை பல்கலைக்கழகம் போகும் வயது, வீட்டுக் கடன் பாதி கட்டி முடிந்த வயது. நீரிழிவும் அப்படித்தான். எமது உடல்வாகில் அது மெலிந்தவர்களுக்கும் வந்து சேர்கிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று தெற்காசியருக்கென்றே தனி அளவு வைத்திருக்கிறார்கள். எடை பார்ப்பதை விட இந்த அளவுநாடா கூடுதலாக உண்மை சொல்லும்.

"நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேன், அதுவே உடற்பயிற்சி தானே?" என்று உணவகக் குசினியிலும் பொதி அனுப்பும் கிடங்குகளிலும் வேலை செய்யும் சகோதரர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நிற்பதும் தூக்குவதும் உடம்பைக் களைக்க வைக்கின்றனவே தவிர, இருதயம் இருபது முப்பது நிமிடம் ஒரே சீராகக் கூடுதலாக வேலை செய்யும் வாய்ப்பை அவை தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகத்திலோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையாகவோ உடலை இயக்க வேண்டும் என்கிறது. கிழமைக்கு மூன்று நாள் அரை மணித்தியாலம் மெதுவாக ஓடினால் இதன் பெரும் பகுதி முடிந்துவிடும்.

முதலில் வைத்தியர், பிறகு சப்பாத்து

சப்பாத்து வாங்க முன்னர் குடும்ப வைத்தியரிடம் ஒரு நாள் எடுங்கள். அரச மருத்துவக் காப்புறுதியில் இருப்பவர்களுக்கு 35 வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. 18 முதல் 34 வயதுக்குள் ஒரு தடவை செய்யலாம். "செக்-அப்" என்று சொன்னாலே வரவேற்பில் இருப்பவருக்கு விளங்கும். 35 வயதைத் தாண்டியவர்களுக்குக் குருதி அழுத்தம், இரத்தத்தில் சீனி, கொழுப்பு, சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். ஈ.சி.ஜி. இதற்குள் அடங்காது. ஆகவே குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தாலோ, படியேறும்போது நெஞ்சு இறுகினாலோ, நீங்கள் புகைப்பவராக இருந்தாலோ அதை வாய் திறந்து சொல்லுங்கள். கேட்காமல் அவராகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இருப்பது எமது பழக்கம். இங்கே அது சரிவராது.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் குருதி அழுத்தம் ஏறும், இருதயத்தின் வேலை கூடும். வீட்டுச் சூட்டிலிருந்து வெளியே வந்தவுடன் பாய்ந்து ஓடுவது ஆபத்தாவது இதனால்தான். முதல் பத்து நிமிடம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு, இடது கை, தாடை எங்காவது இறுக்கமோ நோவோ வந்தால், தலை சுற்றினால் உடனே நின்று 112ஐ அழையுங்கள். "வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்ப்பம்" என்ற கதை வேண்டாம்.

ஓடும்போது கதைக்க முடிய வேண்டும்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் வேகமாகத்தான் தொடங்குகிறார்கள். மூன்றாம் நிமிடம் மூச்சு வாங்குகிறது, இரண்டாம் கிழமை முழங்கால் நோகிறது, மூன்றாம் கிழமை சப்பாத்து கட்டிலுக்குக் கீழே போகிறது. இதற்கான மருந்தை இந்த நாட்டு வைத்தியர் ஒருவரே சொல்லி வைத்திருக்கிறார். நெதர்லாந்து எல்லைக்கு அருகே உள்ள வால்ட்னீல் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஏர்ன்ஸ்ட் வான் ஆகென் (1910 - 1984) என்பவர் அவர். நீண்ட தூரம், மெதுவாக, மூச்சு வாங்காமல் ஓடுவதே இருதயத்தை வளர்க்கும் என்று, பலரும் வேகப் பயிற்சியையே நம்பிய காலத்தில் அவர் வாதாடினார். பெண்களால் மரதன் ஓட முடியாது என்று விளையாட்டுச் சங்கங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆண்களை விடப் பெண்களின் உடல் அதற்கு நன்றாகப் பொருந்தும் என்று எழுதியவரும் அவரே. 1967இல் அவருடைய ஊரில் அன்னி பேடே-ஏர்ட்காம்ப் என்ற பெண் 3 மணி 7 நிமிடத்தில் மரதன் ஓடினார். அன்று அது பெண்களுக்கான உலகச் சாதனை நேரம். 1972இல் வான் ஆகென் வாகன விபத்தொன்றில் இரு கால்களையும் இழந்தார். அதற்கு அடுத்த வருடமே பெண்களுக்கு மட்டுமான மரதன் ஒன்றை அதே ஊரில் நடத்திக் காட்டினார். "இந்த வயதில் பொம்பிளையள் றோட்டில ஓடுறதோ" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். ஒற்றைச் சொல்லில்தான் பதில் வருகிறதென்றால் வேகம் கூடிவிட்டது. இந்த அளவுக்குக் கைமணிக்கூடும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. பிறசருக்கு பீற்றா புளொக்கர் வகை மருந்து எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு இயல்பாகவே குறைவாக இருக்கும் என்பதால், அவர்களுக்கு மணிக்கூட்டின் கணக்கை விடக் கதைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

கார்த்திகை தொடக்கத்தில் ஆரம்பிப்பவர் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கலாம். இப்படிப் பத்துத் தடவை, கிழமைக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஒவ்வொரு கிழமையும் ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டி நடக்கும் நேரத்தைக் குறைத்தால், எட்டு முதல் பத்துக் கிழமையில் அரை மணித்தியாலம் நிற்காமல் ஓடும் நிலைக்குப் பலரும் வந்துவிடுவார்கள். வராவிட்டால் அதே கிழமையை இன்னொரு தரம் செய்யுங்கள். மூச்சு ஆறு கிழமையில் பழகிவிடும். குதிக்கால் நரம்பும் முழங்காலும் பழக மாதக் கணக்காகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்குத்தான் காயம் வருகிறது.

குளிர், இருட்டு, வழுக்கல்

"இந்தக் குளிரில ஓடினால் நியூமோனியா வரும்" என்று அம்மாமார் தடுப்பதுண்டு. தடிமனையும் காய்ச்சலையும் கொண்டுவருவது கிருமி. பூச்சியத்துக்கும் 5 பாகைக்கும் இடைப்பட்ட வழமையான யேர்மன் குளிரில், நல்ல சுகத்தோடு இருப்பவர் தாராளமாக ஓடலாம். அம்மாமார் சொல்வதில் ஒரு பாதி சரி: ஓடி முடித்தபின் வியர்த்த உடுப்போடு பேருந்துத் தரிப்பில் நின்று கதைத்துக்கொண்டிருப்பது கெடுதல். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை உடுப்பு மாற்றுவது. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டிய நாட்களில் வேகமான பயிற்சி வேண்டாம். தொய்வு உள்ளவர்களுக்கு வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயை இறுக்கும். அவர்கள் மெல்லிய சால்வை ஒன்றை வாய்க்கு மேல் சுற்றிக்கொண்டு, வைத்தியர் தந்த ஸ்பிறேயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போக வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது ஒருபோதும் ஓடக்கூடாது. வைரஸ் இருதயத் தசையைத் தாக்கியிருந்தால் அந்த ஓட்டம் உயிருக்கே உலை வைக்கும். காய்ச்சல் விட்டபின்னும் சில நாள் பொறுத்துத்தான் தொடங்க வேண்டும்.

உடுப்பில் பருத்தி பெனியனைத் தவிர்க்கவும். அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே உடம்பில் ஒட்டியிருக்கும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய சட்டை, மேலே காற்றுத் தடுக்கும் ஒன்று, தொப்பி, கையுறை போதும். வாசலில் நிற்கும்போது இலேசாகக் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் பத்தாம் நிமிடம் அவிந்து போவீர்கள்.

மார்கழியில் ரூர் பகுதியில் காலை எட்டரை மணிக்குத்தான் விடிகிறது, நாலரை மணிக்கு முன்னர் பொழுது சாய்கிறது. ஆகவே வேலை நாளில் இருட்டில்தான் ஓட வேண்டியிருக்கும். எமது நிறத்துக்கும் கறுப்பு ஜக்கெட்டுக்கும் சாரதியின் கண்ணில் படவே மாட்டோம். ஒளி தெறிக்கும் மஞ்சள் மேலங்கியும் நெற்றி விளக்கும் கட்டாயம். பெண்கள் தனியே போகாமல் இருவராகப் போவது நல்லது. அநேகமான ஊர்களில் "லவ்ஃப்ட்ரெஃப்" என்ற ஓட்டக் குழுக்கள் குறித்த கிழமையில் குறித்த மணிக்குக் கூடுகின்றன. டொச் பேசப் பழகவும் இதைவிட மலிவான வகுப்பு கிடையாது. சனிக்கிழமை காலை 9 மணிக்கு 5 கிலோமீற்றர் ஓடும் "பார்க்ரன்" 2017 மார்கழியிலிருந்து யேர்மனியிலும் நடக்கிறது; கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம்.

நிலம் உறைந்திருந்தால் காலடியைச் சிறிதாக வையுங்கள், பாலங்களில் நடந்து போங்கள். கண்ணாடிபோல வழுக்கும் நாளில் வீட்டில் இருப்பதே புத்தி.

ஒரு விடயத்தில் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. பகலில் ஓடினால் விற்றமின் டி கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது, நாம் 50 பாகையைச் சுற்றி இருக்கிறோம். ஒக்டோபர் முதல் மார்ச் வரை இங்கு சூரியன் மிகத் தாழ்வாக இருப்பதால், தோலில் விற்றமின் டி போதியளவு உண்டாவதில்லை. கறுத்த தோலுக்கு இன்னும் குறைவு. குளிர்கால ஓட்டம் மனச்சோர்வுக்கும் நித்திரைக்கும் நல்லது, ஆனால் இந்தக் குறையை அது தீர்க்காது. குளிசை தேவையா, எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேட்டே முடிவெடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இன்சுலின் ஏற்றுபவர்களும், சல்ஃபொனைல்யூரியா வகைக் குளிசை எடுப்பவர்களும் ஓடும்போது சீனி சடுதியாக இறங்கக்கூடும். மெற்ஃபோமின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. ஓட முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். "ட்ரவ்பன்ட்சுக்கர்" என்று கடைகளில் விற்கும் குளுக்கோஸ் கட்டியைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். நடுக்கமும் வியர்வையும் சீனி இறங்குவதன் அறிகுறிகள், ஆனால் ஓடுபவருக்கு வியர்ப்பது வழமைதானே என்று அது தவறிப்போகும். கடுமையாக ஓடிய நாளில் இரவு நித்திரையிலும் இறங்கலாம் என்பதால் படுக்கும் முன் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அளக்கும் கருவியையும் இன்சுலினையும் வெளிப்பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் கருவி பிழையாகக் காட்டும், உறைந்த இன்சுலின் பயன்படாது. காலில் உணர்வு குறைந்தவர்கள் வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கு வரை பார்ப்பது நல்லது.

போட்டி நாட்காட்டி

வருடக் கடைசி நாளில் ஓடும் வழக்கம் 1925இல் பிரேசிலின் சாவோ பவுலோவில் தொடங்கியது. யேர்மனியில் இப்போது ஊருக்கு ஊர் "சில்வெஸ்டர் ஓட்டம்" உண்டு. எமக்கு நன்கு தெரிந்த பக்கத்தில் நடப்பது வேர்ள் நகரிலிருந்து சோஸ்ற் நகர் வரையான 15 கிலோமீற்றர் ஓட்டம். 1982இலிருந்து நடக்கிறது. ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வேர்ள் கூப்பிடு தூரம்தான். இது ஒரு ஊரில் தொடங்கி அடுத்த ஊரில் முடிவது. சந்நிதிக்கு நடைப்பயணம் போனவர்களுக்கு அந்த உணர்வு விளங்கும்.

தை பிறந்ததும் "வின்டர்லவ்ஃப்சேரி" எனும் குளிர்காலத் தொடர்கள் ஆரம்பமாகும். டூயிஸ்பேர்க் நகரில் வேடாவ் விளையாட்டுப் பூங்காவில் நடப்பது பெயர் பெற்றது. அதில் பெரிய தொடர், சிறிய தொடர் என இரண்டு உண்டு. பெரியதில் தையில் 10, மாசியில் 15, பங்குனியில் அரை மரதனான 21.1 கிலோமீற்றர். சிறியதில் 5, 7.5, 10. ஹம் நகரிலும் 10, 15, 21.1 என்ற ஒழுங்கில் ஒரு தொடர் நடக்கிறது. இந்தப் படிமுறைதான் அழகு: ஒரு போட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைக்கும் நாலைந்து கிழமையில், ஞாயிறு ஓட்டத்தைக் கொஞ்சம் நீட்டினால் அடுத்த தூரம் கைக்கெட்டிவிடும். குளிரில் கட்டிலை விட்டு எழும்பப் பஞ்சிப்படுகிறவரை எழுப்ப, கட்டிய பதிவுக் கட்டணத்தை விட நல்ல மணிக்கூடு இல்லை.

கார்த்திகையில் ஓடத் தொடங்கியவர்கள் சிறிய தொடருக்கே பதிய வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. நாலு மாதத்தில் அரை மரதன் ஓடி நண்பர்களுக்குப் படம் அனுப்பலாம்தான், ஆனால் சித்திரையில் முழங்காலோடு எலும்பு வைத்தியரிடம் காத்திருக்க நேரிடும். ஏற்கெனவே ஒரு வருடமாவது ஒழுங்காக ஓடி வருபவர்கள் பெரியதைப் பார்க்கலாம்.

போட்டியன்று புதிய சப்பாத்து, புதிய காலுறை, புதிய சாப்பாடு மூன்றும் வேண்டாம். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன்னர் பாணும் வாழைப்பழமும் போதும். புட்டும் கறியும் முடிந்த பிறகு. குளிரில் தாகம் தெரியாது. தெரியாவிட்டாலும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். இலக்கத் தாளை நெஞ்சில் குத்தி, வரிசையின் பின்பகுதியில் நில்லுங்கள். முன்னுக்கு நின்றால் கூட்டம் இழுத்துக்கொண்டு போகும், முதல் இரண்டு கிலோமீற்றரிலேயே பலம் தீர்ந்துவிடும். காத்திருக்கும்போது எறிந்துவிடக்கூடிய பழைய சுவெற்றர் ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்பவர்களை அங்கே காண்பீர்கள், நல்ல யோசனை. முடிவுக் கோட்டில் வீட்டுக்காரர் யாராவது உலர்ந்த உடுப்புப் பையோடும் சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேநீரோடும் நின்றால் பாதிக் களைப்பு அதிலேயே போய்விடும். பல இடங்களில் சிறுவர் ஓட்டமும் உண்டு என்பதால் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லலாம். தொடர்களுக்கான பதிவு வழமையாக இலையுதிர்காலத்திலேயே திறக்கும். கால எல்லை எவ்வளவு என்பதையும் பதியும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.