கடலினும் தாழ்ந்த ஊர்

டோக்கியோ என்றவுடன் வானளாவும் மாளிகைகளே நம் மனக்கண்முன் தோன்றும். அந்நகரின் கிழக்குக் கோடியில் எடோகாவா என்றொரு வட்டம் உண்டு. வட்டம் என்றதும் நம் ஊர் வார்டு என்று எண்ணிவிடலாகாது. அதற்குத் தனி மேயர் உண்டு. தனி மன்றம் உண்டு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோ மீட்டர். மக்கள் தொகை ஏழு இலட்சத்தை ஒட்டியது.

மேற்கே அரகாவா ஆறு, கிழக்கே எடோ ஆறு, தெற்கே டோக்கியோ விரிகுடா. இவ்வாறு முப்புறமும் நீர் சூழ்ந்த இவ்வட்டத்தின் நிலத்தில் பத்தில் ஏழு பங்கு, கடல் ஏற்றத்தின்போது எழும் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்தது. கரைகளும் மதகுகளும் இறைவை எந்திரங்களுமே ஊரைக் காத்து நிற்கின்றன. கழிமுகத்து நிலம் தாழ்ந்திருத்தல் இயல்பே. ஆனால் இவ்வளவு தாழ்ந்ததற்கு இயற்கை மட்டும் காரணமன்று.

1932-இல் சில சிற்றூர்களைச் சேர்த்து இவ்வட்டத்தை அமைத்தனர். அப்போது அது நெல்லும் கீரையும் விளைந்த நாட்டுப்புறம். ஜப்பானியர் விரும்பியுண்ணும் ‘கொமத்ஸுனா’ என்னும் கீரை, இங்குள்ள கொமத்ஸுகாவா என்ற ஊரின் பெயரையே தாங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் வேட்டைக்கு வந்த ஷோகன் யொஷிமுனே இட்ட பெயர் என்று கதை சொல்வார்கள். குளங்களில் தங்கமீன் வளர்த்தனர்; கசாய்க் கடற்கரையில் உண்ணும் கடற்பாசி பயிரிட்டனர். (இந்தி வழங்கும் ஊரில் வாழும் நமக்குக் ‘கசாய்’ என்றால் இறைச்சி வெட்டுபவர் நினைவு வரும். அங்கே அது ‘கத்ஸுஷிகாவின் மேற்கு’ என்று பொருள்படும் ஊர்ப்பெயர்!)

1910-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின், டோக்கியோவைக் காக்க ஏறத்தாழ 22 கிலோ மீட்டர் நீளத்துக்குப் புதிய ஆறு ஒன்றையே வெட்டினார்கள். இன்று அரகாவா என வழங்குவது அதுவே, 1930-இல் முடிவுற்றது. அதற்காக வீடிழந்து பெயர்ந்தோர் பலர். பழைய கொமத்ஸுகாவாவின் ஒரு பகுதி அக்கரையில் தனித்து நின்றுவிட்டது.

பின்னர் ஆலைகள் வந்தன. 1958-இல் இவ்வட்டத்திலிருந்த ஒரு காகித ஆலை எடோ ஆற்றில் கரிய கழிவு நீரை விட, மீன்களும் சிப்பிகளும் செத்து மிதந்தன. அண்டை ஊரான உராயசுவின் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் ஜூன் 10-ஆம் நாள் ஆலைக்குள் புகுந்தனர். காவலர்களோடு மோதல் நிகழ்ந்து பலர் காயமுற்றனர். அவ்வாண்டு இறுதியில் நீர்த்தூய்மை காக்கும் சட்டங்கள் இரண்டை அரசு இயற்றியது. அந்நாட்டில் இவ்வகையில் முதன்மையானவை இவையே. மீனவர்க்கு அச்சட்டங்கள் காலங்கடந்த மருந்துதான். 1962-இல் கசாய் மீனவர்கள் தங்கள் மீன்பிடி உரிமையையே விட்டுக்கொடுத்தனர்.

ஆற்றைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரிந்தது. நிலத்தடியில் நிகழ்ந்தது தெரியவில்லை. ஆலைகள் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தன. எரிவாயு கலந்த உவர்நீரையும் எடுத்தார்கள். நீர் வற்ற வற்ற அடிமண் சுருங்கி ஊரே அமிழ்ந்தது. கடலோரத்தில் சிலருடைய சொந்த நிலம், பட்டா கையிலிருக்க, நீருக்குள் போயிற்று! 1972-இல் டோக்கியோ அரசு எரிவாயு எடுக்கும் உரிமையை விலைக்கு வாங்கி அத்தொழிலை நிறுத்திய பின்னரே அமிழ்தல் தணிந்தது. ஆயினும் தாழ்ந்த நிலம் மீண்டும் எழவில்லை. அதே ஆண்டில் கசாய்க் கடலோரத்தைத் தூர்க்கும் பணியும் தொடங்கியது.

1969-இல் தோசாய் இரயில் பாதை கசாய்க்கு வந்தது. 1979-இல் மேற்குக் கசாய் நிலையம் திறக்கப்பெற்றது. வயல்கள் அடுக்குமாடிகளாயின. வங்கிகள் மிகுந்த நடுநகருக்கு ஒரே வண்டியில் போகலாம். பொது வீட்டு நிறுவனத்தின் குடியிருப்புகளில் பிணையாளும் வேண்டியதில்லை, வீட்டுக்காரருக்குத் தரும் ‘நன்றிப் பணமும்’ இல்லை. அயல்நாட்டவர்க்கு வேறென்ன வேண்டும்? 2000-ஆம் ஆண்டையொட்டி இந்தியக் கணிப்பொறியாளர்கள் வந்து குடியேறலாயினர். இன்று வட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் வாழ்கின்றனர். 2019-இல் யோகேந்திர புராணிக் என்னும் இந்திய வம்சாவளியினர் வட்ட மன்றத்துக்கே தேர்வு பெற்றார்.

அதே 2019 மே மாதத்தில் வட்ட அலுவலகம் வெள்ள அபாயப் படம் ஒன்றை வெளியிட்டது. அதன் அட்டையில் தன் வட்டத்தைச் சுட்டி ‘இங்கே இருக்கக்கூடாது’ என்று அச்சிட்டிருந்தது! சொந்தக் குடிமக்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லும் துணிவு எத்தனை நகராட்சிகளுக்கு வரும்? கரை உடைந்தால் நீர் இரண்டு வாரத்துக்கு மேலும் வடியாதாம். மாடி வீடு உயிரைக் காக்கலாம். மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் அங்கே எத்தனை நாள் இருப்பது? கரையை அகலமாக உயர்த்தி அதன்மேல் ஊரை அமைக்கும் திட்டமும் உண்டு. வடகொய்வாவில் அதற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்களுள் சிலர் வழக்கே தொடுத்தனர்.

படம் வெளிவந்த ஐந்தாம் மாதம், அக்டோபரில், ஹகிபிஸ் புயல் வந்தது. ஏறத்தாழ 35,000 பேர் பள்ளிகளிலும் பிற புகலிடங்களிலும் இரவைக் கழித்தனர். அரகாவாவின் கரை அன்று உடையவில்லை.