கடல் நம் வீட்டுக் கால்வாயில் தொடங்குகிறது

எங்கள் தாசேக் கெலுகோரின் பெயரில் ஏரி இருக்கிறது, கடல் இல்லை. செபெராங் பிறையின் உட்பகுதியில் இருக்கும் ஊர் இது. அதனால், கடல் பாதுகாப்பு என்றால் அது மீனவர்களின் கவலை என்றே இங்குப் பலரும் இருந்துவிடுகிறோம்.

ஆறு அப்படி நினைப்பதில்லை. எங்கள் வட்டாரத்தில் ஓடும் சுங்கை கெரே, சுங்கை பிறையில் சேர்கிறது. சுங்கை பிறை பட்டர்வொர்த் அருகே பினாங்கு நீரிணையில் கலக்கிறது. சுங்கை கெரேயில் பன்றிப் பண்ணைக் கழிவு கலக்கிறது என்று கம்போங் சிலாமாட் மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் செய்து வருகின்றனர். நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோகும் நீர், மீன்குஞ்சும் இறாலும் வளரும் கழிமுகத்தில்தான் போய்ச் சேர்கிறது.

இதைக் கவனிக்க வேண்டியது யார்? நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் ஆறும் காடும் மாநிலத்தின் பொறுப்பு. ஆற்று மீன்பிடிப்பும் மாநிலத்துடையதே. கழிமுகத்தையும் கடலையும் எட்டியதும் மீன்பிடிப்பு கூட்டரசின் கைக்குப் போய்விடும். ஆனால், ஆமை மட்டும் மாநிலத்துக்கு உரியது! மீனுக்கும் ஆமைக்கும் இந்த எல்லைகள் தெரியாது. கழிவுக்கும் தெரியாது.

இப்படிப் பிரிந்து கிடக்கும் பொறுப்புகளை ஒன்றாக இணைத்துத் திட்டமிடுவதுதான் ஒருங்கிணைந்த கடல்சார் கொள்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இதை முன்வைத்தது. மீன்பிடிப்பு, கப்பல் போக்குவரத்து, எரிசக்தி, இயற்கைப் பாதுகாப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கடல்பரப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்று, கடற்கரையுள்ள உறுப்பு நாடுகளுக்கு 2014இல் உத்தரவிட்டது.

பினாங்குக்கு இது புதிய பாடமல்ல. 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவால் கோலா ஜூரு மீனவர்களின் வலைகள் வெறுமையாயின. அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை வழிநடத்திய தமிழர், மறைந்த எஸ்.எம். முகமட் இட்ரிஸ். 1997 முதல் பினாங்கின் கரையோர மீனவர்களே அலையாத்திக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். மீனுக்கு அதுதான் தொட்டில் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தீவின் தென்பகுதியில் கடலைத் தூர்த்து 4,500 ஏக்கரில் 3 தீவுகள் உருவாக்கும் திட்டம், மீனவர்களின் நீண்ட எதிர்ப்புக்கு இடையே 2023இல் 2,300 ஏக்கரில் ஒரே தீவாகக் குறைக்கப்பட்டது. அங்கே வேலையும் தொடங்கிவிட்டது. அந்தக் கடலை நம்பிப் பிழைப்பவர்களிடம் திட்டம் வரைவதற்கு முன்பே கேட்பதும் ஒருங்கிணைப்பில் அடங்கும்.

நம்மால் முடிந்தது என்ன? சமையல் எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் இருக்கலாம். ஆற்று நீர் நிறம் மாறினால் படம் எடுத்து, தேதியும் இடமும் குறிப்பிட்டுச் சுற்றுச்சூழல் துறையிடமும் செபெராங் பிறை மாநகர் மன்றத்திடமும் புகார் செய்யலாம். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஒரு கேள்வியும் கேட்கலாம்: எங்கள் ஆற்றையும் கடலையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது எப்போது?