தாவத் தெரியும், இறங்கத் தெரியுமா?

2024 ஆகஸ்ட் 4. பாரிஸ் ஒலிம்பிக் பேட்மின்டன் அரையிறுதியில் முதல் செட்டை 21-14 என வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்த ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மரினின் வலது முழங்கால் கைவிட்டது. 2019-ல் இந்திய வீராங்கனை சாய்னாவுடன் ஆடிய இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதிப்போட்டியில் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்ததும் அதே முழங்காலில்தான்.

மூன்று முறை உலகச் சாம்பியனானவருக்கே இந்தக் கதி. திருச்சி பக்கம் பச்சைமலை அடிவாரத்திலும் ஸ்ரீரங்கத்திலும் சிமென்ட் தரையில் ஷட்டில் ஆடும் பிள்ளைகளுக்குத் தாவிக் குதித்து ஸ்மாஷ் அடிக்கத்தான் ஆசை. எப்படி இறங்குவது என்று சொல்லித்தர ஆள் குறைவு.

ஜப்பான் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆபத்து அதிகம் பதுங்கியிருப்பது பின்கோட்டின் பேக்ஹேண்ட் மூலையில். வலக்கை ஆட்டக்காரர் பின்னால் சாய்ந்து தலைக்கு மேல் அடித்துவிட்டு இடது காலில் மட்டும் இறங்குகிறார். முழங்கால் உட்பக்கமாக மடிகிறது, ஜவ்வு கிழிகிறது. எதிராளி அடிக்கும் நொடியில் ஒரு சின்னத் துள்ளல் போட்டால் அந்த மூலைக்கு முன்கூட்டியே போய்ச் சேரலாம். எட்டித் தாவவே வேண்டாம். இறங்கும்போது முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், கால்விரல் நோக்கும் திசையிலேயே நிற்க வேண்டும். தடித்த குதிகால் கொண்ட ஓட்ட ஷூ, பக்கவாட்டு அசைவில் கணுக்காலைப் பிசகவைக்கும்.

பாதுகாப்பாக ஆடச் சட்டமும் துணை நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. மலைக் கிராமப் பெற்றோர் இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் துணிந்து கேட்கலாம். வலிக்கிறது என்ற மாணவரை அடித்தோ அவமானப்படுத்தியோ ஆடவைத்தால், அதே சட்டத்தின் 17-ம் பிரிவு குறுக்கே நிற்கும். புகாருக்கு 1098. கட்டணம் வாங்கும் தனியார் பயிற்சி மையம் வழுக்கும் தரையில் ஆடவிட்டதால் காயம் ஏற்பட்டால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம், ஆலோசனைக்கு 1915. ரசீதும் மருத்துவச் சீட்டும் கையில் இருக்கட்டும். நம்மூரில் ரசீது கேட்கக் கூச்சப்படுவோர்தான் அதிகம்.

முழங்காலில் ‘படக்’கென்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் அது வெறும் சுளுக்கு அல்ல. எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது. ஐஸ் ஒத்தடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது. பிறகு துறையூர் அரசு மருத்துவமனை, தேவைப்பட்டால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. காலை ஊன்ற முடியாவிட்டால் 108 ஆம்புலன்ஸ்.

சில வாரங்களில் வீக்கம் வடிந்து நடக்கவும் வந்துவிடும், ஏமாற்றுவது அதுதான். ஜவ்வு கிழிந்த காலோடு மறுபடி தாவினால், முழங்காலுக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பும் கிழியக்கூடும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், மருத்துவர் சம்மதித்தாலொழிய, ஒன்பது மாதத்துக்குள் கோர்ட்டில் கால் வைக்கக் கூடாது.