அயலகப் பணியிடத்தில் தமிழகச் செவிலியர்: விளிச்சொற்களும் பணிப்பண்பாட்டுத் தகவமைப்பும்
(கடலூர், சிதம்பரம் மருத்துவமனை வழக்கை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் பயின்று பிரித்தானியாவில் பணியேற்கும் செவிலியர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் பெரும்பாலும் ஆங்கிலத் திறன் குறைவு என்றே விளக்கப்படுகின்றன. கடலூர், சிதம்பரம் வட்டார மருத்துவமனைகளில் வழங்கும் விளிச்சொற்களையும் மரியாதை வழக்குகளையும் பிரித்தானிய வார்டுகளின் பேச்சு நெறிகளோடு ஒப்பிடும் இக்கட்டுரை, அவ்விடர்ப்பாடுகளில் கணிசமானவை மொழிப் பயன்பாட்டு மரபு சார்ந்தவை எனக் காட்டுகிறது. மூத்தோர் முன் காக்கப்படும் அடக்கம் அயலக வார்டில் நோயாளியின் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் என்பதும், அதனைப் பயிற்சிக் காலத்திலேயே எடுத்துரைக்க இயலும் என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: செவிலியர், விளிச்சொல், மரியாதை வழக்கு, பணிப்பண்பாடு, பயன்வழி மொழியியல், புலம்பெயர்வு

முன்னுரை

கடலூர் மாவட்டத்திற்கு அயலகப் பணி புதிதன்று. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் தென்கிழக்காசியாவிற்கும் சென்று பொருளீட்டுதல் தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். அவ்வழக்கத்தில் செவிலியர் பணிக்கும் இடமுண்டு. 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அண்ணாமலைநகரில் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் இயங்கி வருகிறது. மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் 2021இல் தமிழக அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ்க் கொண்டுவரப்பட்டன.

வெளிநாட்டுப் பணிக்கு ஆள் தெரிவு செய்யும் பொருட்டுத் தமிழக அரசு 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர் அரசு சார் முகமைகள் வழியாகவே செல்ல வேண்டும் என 2015இல் நடுவணரசு விதித்தபோது, அப்பொறுப்பைப் பெற்ற முகமைகளுள் இதுவும் ஒன்று. பிரித்தானியா அப்பட்டியலில் இல்லை. எனினும் அங்குச் செல்வோர் கடக்க வேண்டிய தகுதிப் படிகள் பல. அப்படிகள் எவற்றை அளக்கின்றன, எவற்றை விட்டுவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

தகுதித் தேர்வும் அதன் எல்லையும்

பிரித்தானியச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் மன்றத்தில் பதிவு பெற விழையும் அயலகச் செவிலியர், ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வைத் தெரிவு செய்தால், கேட்டல், படித்தல், பேசுதல் ஆகியவற்றில் 7 மதிப்பெண்ணும் எழுதுதலில் 6.5 மதிப்பெண்ணும் பெறுதல் பொதுவான அளவு. அதற்கு மாற்றாக ஓ.இ.டி. தேர்வும் ஏற்கப்படுகிறது. கணினிவழித் தேர்வையும், ஓஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வையும் அவர்கள் முடிக்க வேண்டும். பதிவு கிட்டும்வரை உதவிப் பணியாளருக்குரிய ஊதியப் படிநிலையில் பணியாற்றுதல் வழக்கம். தாயகத்தில் ஊசி, சிரைவழி மருந்து முதலியவற்றை நாள்தோறும் கையாண்டவர், அங்கு அவற்றைச் செய்வதற்கு முன் மீண்டும் திறன் சான்று பெற வேண்டியிருப்பதும் உண்டு.

இத்தேர்வுகள் சொல்வளத்தையும் இலக்கணத்தையும் தொழில் திறனையும் அளக்கின்றன. ஓஸ்கியில் தன் பெயர் கூறி அறிமுகம் செய்தல், ஒப்புதல் பெறுதல் முதலிய பேச்சு நெறிகளும் மதிப்பிடப்படுகின்றன. ஆயினும் மூத்த மருத்துவரிடம் எத்தொனியில் பேசுவது, எப்போது மறுத்துரைப்பது என்பன பெரிதும் பணியிடத்திலேயே கற்கப்படுகின்றன.

உறவாக்கும் விளி

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளி மரபு என ஓர் இயலே அமைந்துள்ளது. அதில் முறைப்பெயர்கள் விளியேற்கும் முறை தனித்துச் சுட்டப்படுகிறது. உறவுப்பெயரால் பிறரை அழைக்கும் வழக்கம் தமிழ்ச் சமூகத்தில் குருதி உறவைக் கடந்தும் இயங்குகிறது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளி ‘அம்மா’, ‘ஐயா’, ‘அண்ணா’, ‘அக்கா’, ‘தாத்தா’, ‘ஆயா’ என்றே விளிக்கப்படுவார். இவ்வட்டார வழக்கில் ‘ஆயா’ என்பது பாட்டியைக் குறிக்கும். அதே சொல் மருத்துவமனையில் உதவிப் பணி செய்யும் பெண்ணையும் குறிப்பதால், பொருள் சூழலால் தெளியப்படுகிறது.

“ஆயா, கைய நீட்டுங்க” என்னும் தொடரில் உறவும் மரியாதையும் ஒருங்கே அமைகின்றன. ஊசிக்கு முன் அச்சம் நீக்கும் செயலையும் இவ்விளி ஆற்றுகிறது. நோயாளியை ஊட்டுதல், துடைத்தல் முதலியவற்றை உடனிருக்கும் குடும்பத்தாரே பெரும்பாலும் செய்யும் சூழலில், செவிலியரும் அக்குடும்ப வட்டத்திற்குள் ஒருவராகிறார்.

பிரித்தானிய வார்டில் அப்பணிகள் செவிலியருக்கும் உதவியாளருக்கும் உரியவை. நோயாளியை எப்பெயரால் அழைக்க வேண்டும் என அவரிடமே கேட்டறிதல் அங்குள்ள நெறி. முதியவரைப் பாட்டி என்னும் பொருளில் அழைத்தால் அன்பு புலப்படாது. அவரது முதுமையைச் சுட்டிக் குறைத்ததாகவே கொள்ளப்படலாம். கேட் கிரேஞ்சர் என்னும் மருத்துவர் புற்றுநோயாளியாகச் சிகிச்சை பெற்றபோது, பணியாளர் பலர் தம் பெயரைக்கூடச் சொல்லாதிருந்ததை உணர்ந்து, 2013இல் பெயர் சொல்லி அறிமுகமாகும் இயக்கத்தைத் தொடங்கினார். உறவுப்பெயர் இல்லாத மொழிச்சூழலில் பெயரே நம்பிக்கையின் வாயிலாகிறது என்பதை இது காட்டுகிறது.

‘சிஸ்டர்’ என்னும் சொல்லின் பொருள் மாற்றம்

தமிழக மருத்துவமனைகளில் பெண் செவிலியர் எவரையும் ‘சிஸ்டர்’ என்றும், ஆண் செவிலியரைப் ‘பிரதர்’ என்றும் அழைப்பர். நேற்றுப் பணியில் சேர்ந்தவரும் ‘சிஸ்டர்’தான். பிரித்தானியாவிலோ அது மூத்த செவிலியருக்குரிய பதவிப்பெயர். வார்டுப் பொறுப்பாளரையே பெரும்பாலும் சுட்டும். சக பணியாளரைப் பழக்கத்தால் ‘சிஸ்டர்’ என அழைப்பவர், தம்மையறியாமல் அவருக்கு இல்லாத பதவியை வழங்குகிறார். ஆங்கிலச் சொல்லே ஆயினும் தமிழில் அது உறவுப்பெயர்போல் இயங்குவதால் இம்மயக்கம் நேர்கிறது. தெரிந்த சொல் என்பதனாலேயே அதன் பொருள் வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை.

தலைப்பெழுத்தும் குடும்பப்பெயரும்

தமிழர் பெயரமைப்பில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னொட்டாக நிற்கும். எடுத்துக்காட்டாக, கோ. தமிழ்ச்செல்வி என்பவரின் கடவுச்சீட்டில் கோவிந்தசாமி என்பது குடும்பப்பெயராகப் பதிவானால், அலுவலக ஆவணங்களில் அவர் கோவிந்தசாமி ஆகிறார். தந்தையின் பெயரால் தாம் அழைக்கப்படும்போது உடனே திரும்பிப் பார்க்கவும் இயலாத நிலை அவருக்கு ஏற்படலாம். பலுக்குவதற்கு எளிதென்று சுருக்கப்பெயரை ஏற்பாரும் உளர். பெயர் சொல்லி அறிமுகமாதலே நெறியாகிய இடத்தில், தம் பெயரைச் சரியாகச் சொல்லித் தருதலும் பணித்திறனின் ஒரு கூறே.

அடக்கமும் நோயாளி பாதுகாப்பும்

மேற்கண்டவை மனவருத்தம் தரும் வேறுபாடுகள். உயிரோடு தொடர்புடையது மற்றொன்று. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 1978இல் வெளியிட்டு 1987இல் தனி நூலாக்கிய பணிவுக் கோட்பாட்டிற்கு ஆங்கிலம், செல்தால் ஆகியவற்றுடன் கோவை மாவட்டச் சிற்றூர்த் தமிழும் சான்றாக அமைந்தது. பேசுவோருக்கிடையேயான சமூகத் தொலைவு, அதிகார வேறுபாடு, கேட்கப்படும் செயலின் சுமை ஆகிய மூன்றும் கூடும்போது பேச்சு மறைமுகமாகும் என்பது அவர்தம் கருத்து.

தமிழக வார்டில் மருத்துவரிடம், “சார், அந்தப் பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காரு” என்று செவிலியர் சொன்னால், ‘உடனே வாருங்கள்’ என்னும் பொருள் அதில் அடங்கியுள்ளது. இருவரும் ஒரே மரபினர் ஆதலால் அக்குறிப்புப் பொருள் சென்று சேர்கிறது. இதனை அப்படியே ஆங்கிலப்படுத்தினால் அவசரம் மறைந்து தகவல் மட்டுமே எஞ்சும்.

பிரித்தானிய மருத்துவமனைகளில் 2017இல் திருத்தி வெளியிடப்பட்ட நியூஸ்-2 முறை, மூச்சு வீதம், ஆக்சிசன் செறிவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறினையும் மதிப்பெண்களாக்குகிறது. கூட்டுத்தொகை 5 ஆனால் விரைந்த மதிப்பீடும் 7 ஆனால் அவசர நடவடிக்கையும் தேவை. அந்நிலையை மருத்துவருக்கு அறிவிக்க நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் நான்கு படிகள் கற்பிக்கப்படுகின்றன. முதலிரண்டும் எவருக்கும் எளியவை. மூன்றாம் படியில் செவிலியர் தம் கருத்தைச் சொல்ல வேண்டும். நான்காம் படியில் மருத்துவர் செய்ய வேண்டியதை அவரே பரிந்துரைக்க வேண்டும். ‘டாக்டருக்குத் தெரியாததா’ என்னும் எண்ணத்தில் வளர்ந்தவர் தயங்கும் இடம் இதுவே. தயக்கத்தால் நோயாளிக்கு உரிய நேரத்தில் கவனிப்புக் கிட்டாமற்போனால், அதற்குச் செவிலியரும் பொறுப்பேற்க நேரும். பாதுகாப்புக் குறைவைத் தாமதமின்றித் தெரிவிப்பதை மன்றத்தின் நடத்தை நெறி கடமையாக்கியுள்ளது.

இத்தயக்கத்தைத் தமிழரின் இயல்பு எனக் கொள்வது பொருந்தாது. மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனைச் சீர்கேடுகள் குறித்து ராபர்ட் பிரான்சிஸ் 2013இல் அளித்த அறிக்கை, அந்நாட்டுப் பணியாளரிடையேயும் வாய்திறவாமை இருந்ததை வெளிப்படுத்தியது. அதன் பின்னரே குறைகளைத் துணிந்து கூறுவோருக்குத் துணைநிற்கும் பொறுப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர். துணிந்து பேசுதல் அங்கும் கற்றுக்கொள்ளப்பட்ட பண்பே.

பயிற்சிக்குரிய வழி

இக்கூறுகளைச் செவிலியர் கல்லூரிகளின் இறுதியாண்டிலும் புறப்பாட்டுப் பயிற்சியிலும் சேர்க்க இயலும். மறைமுகத் தமிழ்க் கூற்றையும் அதற்கு இணையான நேரடி ஆங்கிலக் கூற்றையும் அருகருகே வைத்து உரையாடலாக நடித்துப் பழகுதல் ஒரு வழி. ‘சிஸ்டர்’ போன்று பொருள் மாறிய சொற்களைத் தொகுத்தல் மற்றொன்று. ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் குறிப்பது போல, மரியாதை வழக்குகளை விளக்கும் மரபு தமிழிலக்கணத்திற்கு உண்டு. எனவே இத்தொகுப்பில் தமிழ்த்துறைகளும் மொழியியல் துறைகளும் பங்கேற்பது பொருத்தமானது.

முடிவுரை

1. உறவு விளி தமிழக வார்டில் அக்கறையின் வடிவம். அயலகத்தில் அவ்விடத்தைப் பெயரும் ஒப்புதலும் நிரப்புகின்றன.
2. கடன் சொற்கள் பொருள் மாற்றம் பெற்றிருப்பதால், அறிமுகமான சொல்லே மயக்கத்திற்குக் காரணமாகலாம்.
3. குறிப்பால் உணர்த்தும் பணிவு, அவசர நிலையில் நோயாளிக்கு ஊறு விளைக்கக்கூடும்.
4. மருத்துவரிடம் தம் மதிப்பீட்டைத் தெளிவாகக் கூறுதல் மரியாதைக் குறைவாகாது என்பதைத் தாயகப் பயிற்சியிலேயே உணர்த்துதல் வேண்டும். இத்தெளிவு கடலூர், சிதம்பரம் வார்டுகளிலேயே பணியாற்றுவோருக்கும் பயன்படும்.