மாதவிலக்கு நின்ற பிறகும் பரிசோதனை ஏன்?

"எனக்குத்தான் எல்லாம் நின்றுபோச்சே, இனிமேல் எதற்கு?" ஐம்பதைத் தாண்டிய அம்மாக்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கு மாதவிலக்கு நின்றதெல்லாம் கணக்கில்லை. உடலுறவு வழியே தொற்றும் இந்த வைரஸைப் பெரும்பாலும் உடலே ஓரிரு ஆண்டில் விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டால், செல்கள் மெல்ல மாறிப் புற்றாகப் பொதுவாக 10 முதல் 20 ஆண்டுகள் ஆகும். கணவரை இழந்து பல ஆண்டுகள் ஆன பெண்ணுக்கும் பரிசோதனை தேவைப்படுவது இதனால்தான்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். மாறிய செல்களில் புரதம் அதிகம். அமிலம் பட்டதும் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். வெளுப்பு தெரிந்தாலே புற்றுநோய் என்று பதறவேண்டாம், மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்றுதான் அர்த்தம். மாதவிலக்கு நின்றபின் செல்கள் மாறும் பகுதி உள்ளே போய்விடுவதால், மூத்தவர்களுக்குக் கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனையே பொருத்தம்.

பிறப்புறுப்பு வறட்சியால் பரிசோதனை வலிக்கும் என்ற பயம் நியாயமானதே. நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; சிறிய அளவுக் கருவியும் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் கண்டாலோ, பரிசோதனை முகாமுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.