கார், அணில், மாலை, கதவு

புனேயில் மூன்று வயதுக் குழந்தையின் முன் நான்கு படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கார், அணில், மாலை, கதவு. மராத்தியில் இவை கார், க்ஹார், ஹார், தார். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் ஆடியாலஜிஸ்ட் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்கிறார். குழந்தை படத்தைத் தொட வேண்டும்.

'பீப்' ஒலி வைத்துச் செய்யும் பரிசோதனை, சத்தம் காதுக்கு எட்டுகிறதா என்று மட்டும் சொல்லும். பேச்சு பிரிந்து கேட்கிறதா என்பது வேறு விஷயம்; அதை அறியத்தான் இந்தப் படச் சோதனை. 'ஆ' போன்ற உயிரொலிகள் வலுவானவை. பல மெய்யொலிகளை வேறுபடுத்தும் கூறுகள் மெலிந்தவை, உயர் அதிர்வெண்ணில் இருப்பவை. எனவே 'ஆர்' கேட்கும், அதன் முன்னே வந்தது நழுவிவிடும். குழந்தை எதை எதுவாகக் குழப்புகிறது என்பதையும் பார்த்துக் காது மிஷினையோ காக்ளியர் இம்ப்ளான்டையோ சரிசெய்கிறார்கள்.

இத்தகைய சோதனைகளில் பெயர்பெற்றது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜீன் மூக், ஆன் கீர்ஸ் இருவரும் 1990-இல் வெளியிட்டது. அதை அப்படியே மொழிபெயர்த்தால் பயனில்லை. அதன் ஒரு பகுதி, இரண்டு அசையிலும் சம அழுத்தம் விழும் ஆங்கிலச் சொற்களை நம்பியிருக்கிறது. நம் மொழிகளில் அழுத்தம் அப்படி வேலை செய்வதில்லை. மராத்தியில் ஓரசைச் சொற்களாவது தாராளம்: ஹாத், நாக், தூத். தமிழிலோ பேசும்போது பல் 'பல்லு' ஆகிவிடுகிறது, கால் 'காலு' ஆகிவிடுகிறது; பெரும்பாலும் ஈரசைச் சொற்களைத்தான் தேட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் சொற்பட்டியலைப் புதிதாகவே கட்ட வேண்டும். சொல்லைப் படமாக வரைய முடியவேண்டும், மூன்று வயதில் அது பழகியிருக்கவேண்டும், ஒலியில் நெருங்கிய துணைச்சொற்களும் அதற்கு வேண்டும். முதலில் நன்றாகக் கேட்கும் குழந்தைகளிடம் சோதிப்பார்கள். அவர்களே தடுமாறும் படத்தை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் காதை அளக்காமல் சொல்லறிவை அளந்துகொண்டிருப்போம். நான்கு படத்தில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒரு பங்கு சரியாக வரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

புனேயின் ராஸ்தா பேட்டில் தமிழ் பேசி வளரும் குழந்தைக்கு இந்த மராத்திப் பட்டியலைக் கொடுத்தால்? காருக்கும் க்ஹாருக்கும் உள்ள மூச்சொலி வேறுபாடு தமிழில் பொருளை மாற்றுவதில்லை. குழந்தை தவறவிட்டால் அது காதின் குறையாக இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் என்ன மொழி என்பதைப் பெற்றோர் முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம்.

பொருத்தமான பட்டியல் கிடைக்கும்வரை காதுகேளாதோர் கல்வி வல்லுநர் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள் கைகொடுக்கும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை இவை பரவியிருக்கின்றன. காலையில் மிஷினை மாட்டியதும் அம்மா குழந்தையின் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். நேற்றுவரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், பிறகு ஆடியாலஜிஸ்டை.